வீட்டை விட்டு யார் போக வேண்டும்?

அரசு மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு அடிபட்டு வருகிற எவரைப் பற்றியும் மருத்துவர் ஒரு பதிவேட்டில் எழுதியாக வேண்டும். ‘ஏ.ஆர். போடுறது’ என்று ஊழியர்கள் சொல்வது அதைத்தான். காயம் எங்கே, எவ்வளவு நீளம், எப்போது பட்டது, எதனால், யாரால். கண் வீங்கி, உதடு கிழிந்து வரும் பெண்களில் எத்தனையோ பேர் கடைசி இரண்டு கேள்விகளுக்கும் சேர்த்து ஒரே பதிலைச் சொல்கிறார்கள்: “பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டேன்.” அடித்தவனே ஆட்டோ பிடித்துக் கூட்டிவந்து பக்கத்தில் நிற்கும்போது வேறு என்ன சொல்ல முடியும்? மருத்துவரும் அப்படியே எழுதிக்கொள்கிறார். தையல் போட்டதும் அதே ஆட்டோவில் அதே வீட்டுக்குத் திரும்பிப் போகிறார்கள்.

2019-21இல் நடந்த ஐந்தாவது தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பு, திருமணமான 18 முதல் 49 வயது வரையுள்ள பெண்களிடம் இதைப் பற்றித் தனியாகக் கேட்டது. இந்திய அளவில் 29 சதவீதம் பேர் கணவனின் அடி உதைக்கோ பாலியல் வன்முறைக்கோ ஆளானவர்கள். தமிழ்நாட்டில் இது 38 சதவீதம். பக்கத்திலிருக்கும் கேரளத்தில் சுமார் 10 சதவீதம். பெண் கல்வியிலும் மகப்பேறு மருத்துவத்திலும் நாட்டுக்கே முன்மாதிரி என்று நாம் பெருமைப்படும் மாநிலத்தில், கிட்டத்தட்ட ஐந்தில் இரண்டு மனைவிமார் அடிபட்டிருக்கிறார்கள். இந்த எண்ணைச் சட்டமன்றத்திலும் தேர்தல் மேடையிலும் யாரும் பேசிக் கேட்பது அபூர்வம்.

அதே கணக்கெடுப்பில் இன்னொரு தகவல் இருக்கிறது. உடல்ரீதியாகவோ பாலியல்ரீதியாகவோ வன்முறையை அனுபவித்த இந்தியப் பெண்களில் 77 சதவீதம் பேர் யாரிடமும் சொன்னதில்லை, உதவியும் தேடியதில்லை. உதவி கேட்டவர்கள் 14 சதவீதம்தான். அவர்களிலும் பெரும்பாலோர் போனது தாய்வீட்டுக்கு. காவல் நிலையத்துக்கோ வக்கீலிடமோ போனவர்கள் மிகக் குறைவு. சொல்லாமல் போய்விட்டு வந்தது, சமையல் சரியில்லாதது, மாமனார் மாமியாரை மதிக்காதது என்று சில காரணங்களைச் சொல்லி, இவற்றில் ஏதாவது ஒன்றுக்காவது கணவன் மனைவியை அடிப்பது சரிதானா என்றும் கேட்டார்கள். 45 சதவீதப் பெண்களும் 44 சதவீத ஆண்களும் சரிதான் என்றார்கள்.

சட்டம் இந்த மண்ணில்தான் வேலை செய்ய வேண்டியிருக்கிறது.

2005 வரை அடிபட்ட மனைவிக்கு முன்னால் இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, 1983இல் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 498ஏ பிரிவு. கணவனும் அவனுடைய உறவினர்களும் செய்யும் கொடுமைக்கு மூன்றாண்டு வரை சிறை. 2024 ஜூலை 1 முதல் அது பாரதிய நியாய சன்ஹிதாவின் 85ஆம் பிரிவாக இருக்கிறது. இன்னொன்று விவாகரத்து. முதலாவதில் புருஷன் ஜெயிலுக்குப் போவான். இரண்டாவதில் கல்யாணம் முறியும். இரண்டுமே வேண்டாம், அடி மட்டும் நிற்க வேண்டும் என்று நினைக்கிற பெண்ணுக்குச் சட்டத்தில் இடமே இல்லை. அதைவிட முக்கியம், புகார் கொடுத்துவிட்டு வருகிற அந்த ராத்திரி அவளும் பிள்ளைகளும் எங்கே படுப்பது என்ற கேள்விக்கு இரண்டிலுமே விடை இல்லை. கேஸ் போட்ட மருமகளின் பெட்டி தெருவில் கிடக்கும். அண்ணன் வீட்டில் நாலு நாள் இருக்கலாம், ஐந்தாவது நாள் அண்ணியின் முகம் மாறும். அப்புறம் திரும்பிப் போக வேண்டியதுதான்.

பெண்கள் அமைப்புகள் தொண்ணூறுகளிலிருந்தே இதற்காகத் தனிச் சட்டம் கேட்டன. வழக்கறிஞர் இந்திரா ஜெய்சிங்கும் அவருடைய ‘லாயர்ஸ் கலெக்டிவ்’ அமைப்பும் ஒரு வரைவைத் தயாரித்தார்கள். 2002இல் மத்திய அரசு நாடாளுமன்றத்தில் கொண்டுவந்த மசோதாவோ வேறு மாதிரி இருந்தது. ‘வழக்கமாக’ தாக்கினால்தான் அது குடும்ப வன்முறை என்றது. தன்னையோ தன் சொத்தையோ காப்பாற்றிக்கொள்ள நியாயமாகச் செய்த செயல் என்றால் வன்முறையே ஆகாது என்றும் விதிவிலக்கு வைத்தது. எத்தனை தடவை அடித்தால் ‘வழக்கம்’ ஆகும்? கடுமையான எதிர்ப்பு வந்தது, மசோதா நின்றுபோனது. மூன்றாண்டு கழித்து, பெண்கள் அமைப்புகளின் வரைவைப் பெரிதும் ஒட்டி நிறைவேறியதுதான் குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம், 2005. நடைமுறைக்கு வந்தது 2006 அக்டோபர் 26.

இந்தச் சட்டம் எதையெல்லாம் வன்முறை என்கிறது என்று தெரிந்துகொள்ள அதன் பிரிவுகளைப் படிப்பதைவிட, அதன் விதிகளோடு இணைந்த முதலாம் படிவத்தைப் பார்ப்பது நல்லது. குடும்ப நிகழ்வு அறிக்கை என்று அதற்குப் பெயர். இந்தச் சட்டப்படி நியமிக்கப்படும் பாதுகாப்பு அலுவலர் பெண்ணிடம் கேட்டுக் கேட்டு நிரப்ப வேண்டியது. உடல்ரீதியான வன்முறையில் தொடங்கும். அடுத்து பாலியல் வன்முறை. அதற்கடுத்த பகுதியில் நடத்தையைக் கொச்சைப்படுத்தியது, வரதட்சணை கொண்டுவரவில்லை என்று இழிவுபடுத்தியது, ஆண் குழந்தை இல்லை என்று இழிவுபடுத்தியது, வேலைக்குப் போகவிடாமல் தடுத்தது, விருப்பமில்லாத கல்யாணத்துக்குக் கட்டாயப்படுத்தியது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி. நான்காவது பொருளாதார வன்முறை. வீட்டுச் செலவுக்குப் பணம் தராதது, பிள்ளைகளுக்கு மருந்து வாங்கித் தராதது, சம்பளத்தைப் பிடுங்கிக்கொண்டது, நகையைச் சம்மதமில்லாமல் விற்றது அல்லது அடகு வைத்தது, வாடகை கட்டாதது. கரண்ட் பில் கட்டாததுகூட அதில் ஒரு வரியாக இருக்கிறது. ‘அவர் கைநீட்டினதே இல்லை, ஆனா…’ என்று இழுத்து நிறுத்தும் பெண்ணின் முழு வாழ்க்கையும் அந்தப் படிவத்தில் ஏற்கனவே அச்சாகியிருக்கிறது. இதை எழுதியவர்கள் ஆயிரக்கணக்கான பெண்கள் சொன்னதைக் காதுகொடுத்துக் கேட்டிருக்கிறார்கள்.

சட்டம் மனைவிக்கு மட்டுமானது என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. அப்படியில்லை. ரத்த உறவு, திருமணம், தத்தெடுப்பு, கூட்டுக்குடும்பம் ஆகிய எந்த உறவில் ஒரே வீட்டில் வாழ்கிற, வாழ்ந்த பெண்ணும் கேட்கலாம். மகன் அடிக்கிறான் என்று தாய் கேட்கலாம். அண்ணன் துரத்துகிறான் என்று கல்யாணமாகாத தங்கை கேட்கலாம். கணவன் இறந்த பிறகு வெளியேற்றப்படும் கைம்பெண் கேட்கலாம். தாலி கட்டாமல் கணவன் மனைவியாக வாழ்ந்த பெண்ணும் கேட்கலாம். அந்த உறவுக்கு என்னென்ன தகுதிகள் வேண்டும் என்பதை உச்ச நீதிமன்றம் வரையறுத்தது 2010இல், தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கில். வயது வந்த ஆண்கள் மீதுதான் மனு போட முடியும் என்றிருந்த வரம்பையும் 2016இல் உச்ச நீதிமன்றம் நீக்கிவிட்டது. கொடுமை செய்தது மாமியார், நாத்தனார் என்றாலும் அவர்கள் பதில் சொல்லியாக வேண்டும்.

இனி, வீட்டு விஷயத்துக்கு வரலாம். இந்தச் சட்டத்தின் உயிர் 17, 19 என்ற இரண்டு பிரிவுகளில் இருக்கிறது. பகிர்ந்து வாழ்ந்த வீட்டில், அந்த வீடு யார் பெயரில் இருந்தாலும், தொடர்ந்து வசிக்க அந்தப் பெண்ணுக்கு உரிமை உண்டு என்கிறது 17ஆம் பிரிவு. அவளை வெளியேற்றக் கூடாது என்று தடை போடலாம். வீட்டை விற்கவிடாமல் தடுக்கலாம். தேவைப்பட்டால் அடித்தவனையே வீட்டை விட்டு வெளியேறச் சொல்லலாம். அல்லது அதே தரத்தில் வேறு வீடு பார்த்துக் கொடுத்து வாடகையும் கட்டச் சொல்லலாம் என்கிறது 19ஆம் பிரிவு. நம் ஊரில் சண்டை வந்தால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போவது எப்போதும் பெண்தான். சட்டம் அதைத் தலைகீழாக்கியது.

உடனே ஒரு அடி விழுந்தது. சட்டம் அமலுக்கு வந்து இரண்டு மாதம்கூட நிறையாத நிலையில், 2006 டிசம்பரில், டெல்லி வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் ‘பகிர்ந்து வாழ்ந்த வீடு’ என்றால் கணவனுக்குச் சொந்தமான, அவன் வாடகைக்கு எடுத்த அல்லது அவன் உறுப்பினராக இருக்கும் கூட்டுக்குடும்பத்துக்குச் சொந்தமான வீடுதான் என்றது. வீடு மாமியார் பெயரில் இருந்தது, மருமகளுக்கு உரிமை கிடைக்கவில்லை. இந்தியக் குடும்பங்களில் மகன் பெயரில் வீடு இருப்பது எத்தனை இடத்தில்? அப்பா கட்டிய வீட்டில்தான் பெரும்பாலான புதுமணத் தம்பதிகள் குடியேறுகிறார்கள். அந்த ஒரு தீர்ப்பைக் காட்டியே பதினான்கு ஆண்டுகள் மருமகள்களை வெளியே அனுப்ப முடிந்தது. சில குடும்பங்களில் வழக்கு வருமென்று தெரிந்ததும் வீட்டை அவசரமாகப் பெற்றோர் பெயருக்கு மாற்றி எழுதுவதும் நடந்தது.

2020 அக்டோபர் 15ஆம் தேதி, இன்னொரு டெல்லி வழக்கில், நீதிபதி அசோக் பூஷண் தலைமையிலான மூன்று நீதிபதிகள் அமர்வு அந்தப் பழைய தீர்ப்பு தவறு என்றது. வீடு மாமனார் பெயரில் இருந்தாலும், மருமகள் அங்கே குடும்பமாக வாழ்ந்திருந்தால் அது பகிர்ந்து வாழ்ந்த வீடுதான். அதே ஆண்டு டிசம்பரில் பெங்களூரு வழக்கு ஒன்றில், மூத்த குடிமக்கள் பாதுகாப்புச் சட்டத்தைக் காட்டி மருமகளை வெளியேற்றும் குறுக்கு வழிக்கும் உச்ச நீதிமன்றம் அணை போட்டது. இதனால் வயதான மாமனார் மாமியாரின் நிம்மதிக்கு மதிப்பில்லை என்று ஆகிவிடாது. இரண்டு தரப்பின் உரிமையையும் சீர்தூக்கித்தான் உத்தரவிட வேண்டும், மருமகளின் உரிமை என்றென்றைக்குமானது அல்ல என்றும் அந்தத் தீர்ப்புகளே சொல்கின்றன.

சென்னை உயர் நீதிமன்றத்தில் 2022 ஆகஸ்டில் நீதிபதி ஆர்.என்.மஞ்சுளா பிறப்பித்த உத்தரவு இந்தப் பாதையில் குறிப்பிட வேண்டிய ஒன்று. மனைவி ஒரு வழக்கறிஞர். வீட்டில் இரண்டு பிள்ளைகள். விவாகரத்து வழக்கு நடந்துகொண்டிருக்கிறது, கணவனும் அதே வீட்டில் இருக்கிறார். மனைவியின் நிம்மதிக்கு இடையூறு செய்யக் கூடாது என்று மட்டும் குடும்பநல நீதிமன்றம் சொல்லியிருந்தது. கணவனை வெளியேற்றுவதுதான் வீட்டில் அமைதி நிலவ ஒரே வழி என்றால், அவருக்குப் போக வேறு இடம் இருக்கிறதா இல்லையா என்று பார்க்காமல் அந்த உத்தரவைப் பிறப்பித்தாக வேண்டும் என்றார் நீதிபதி. கணவனை வீட்டை விட்டு வெளியேறச் சொன்னார். அச்சம் பிள்ளைகளையும் சேர்த்து வாட்டுகிற வீட்டில் ‘இடையூறு செய்யாதே’ என்ற வெறும் அறிவுரை எதற்கும் உதவாது என்பதை அந்த உத்தரவு புரிந்துகொண்டிருந்தது.

இந்தச் சட்டத்தின்படி மாஜிஸ்திரேட்டிடம் கொடுக்கும் மனு அடிப்படையில் சிவில் தன்மை கொண்டது. மனு கொடுத்த உடனே யாரும் கைதாவதில்லை. பாதுகாப்பு உத்தரவு, குடியிருப்பு உத்தரவு, பண நிவாரணம், பிள்ளைகளைத் தற்காலிகமாகத் தன்னிடம் வைத்துக்கொள்ளும் உத்தரவு, நஷ்டஈடு ஆகியவற்றில் தேவையானதைக் கேட்கலாம். நிலைமை மோசம் என்று தெரிந்தால் எதிர்த்தரப்பைக் கேட்காமலே இடைக்கால உத்தரவு போட நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. கணவன் ஜீவனாம்சத்தை ஒழுங்காகத் தரவில்லை என்றால், அவனுடைய சம்பளத்திலிருந்தே பிடித்து மனைவிக்குத் தரும்படி அவன் வேலை பார்க்கும் நிறுவனத்துக்கே உத்தரவிடலாம். பாதுகாப்பு உத்தரவை மீறினால்தான் குற்றம்: ஓராண்டு வரை சிறை, அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஜாமீனில் வெளிவர முடியாத பிரிவு. மீறினான் என்பதற்கு அந்தப் பெண்ணின் சாட்சியம் மட்டுமே போதும் என்று நீதிமன்றம் முடிவுக்கு வரலாம். நாலு சுவருக்குள் நடந்ததற்கு வேறு சாட்சி எங்கிருந்து வரும்?

பெண்கள் சட்டத்தைத் தவறாகப் பயன்படுத்துகிறார்கள் என்ற பேச்சுக்கு இங்கே ஒரு வார்த்தை. தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022ஆம் ஆண்டுக் கணக்கில், பெண்களுக்கு எதிரான வழக்குகளில் 31.4 சதவீதம் கணவன் அல்லது அவன் உறவினர் செய்த கொடுமை பற்றியவை. பொய்ப் புகார்கள் இல்லவே இல்லை என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. கைது விஷயத்தில் உச்ச நீதிமன்றம் 2014இலேயே போலீசுக்குக் கட்டுப்பாடுகள் விதித்துவிட்டது. ஆனால் அடிபட்டவர்களில் நான்கில் மூன்று பேர் வாயே திறக்காத நாட்டில், வாய் திறந்தவர்களைப் பற்றிய சந்தேகத்தையே முதல் பேச்சாக்குவது அநியாயம்.

பிள்ளைகளைப் பற்றிப் பேசும்போது ‘அது சின்னது, அதுக்கு என்ன தெரியும்’ என்பார்கள். எல்லாம் தெரியும். சாயங்காலம் பைக் சத்தம் கேட்டதும் டி.வி.யை அணைத்துவிட்டுப் புத்தகத்தை எடுத்துவைத்துக்கொள்ளும் ஏழு வயதுக் குழந்தைக்கு, அப்பா இன்றைக்கு எந்த நிலையில் வருகிறார் என்பதைக் காலடிச் சத்தத்திலேயே கணிக்கத் தெரியும். அம்மாவுக்கும் அப்பாவுக்கும் நடுவே போய் நின்று அடி வாங்கும் பிள்ளைகள் உண்டு. தம்பியைக் கூட்டிக்கொண்டு பக்கத்து வீட்டுக்கு ஓடும் அக்காக்கள் உண்டு. படிப்பில் திடீரென்று சரிவது, பெரிய பிள்ளை படுக்கையில் சிறுநீர் கழிப்பது, வகுப்பில் மற்ற பிள்ளைகளை அடிப்பது என்று பள்ளியில் தெரிகிற அடையாளங்களுக்கு அடியில் பல சமயம் வீட்டுச் சண்டை இருக்கிறது. அடி விழும் வீட்டில் வளர்ந்த பெண், தானும் கணவனிடம் அடிபடும் வாய்ப்பு அதிகம் என்பதைக் குடும்பநலக் கணக்கெடுப்புகள் திரும்பத் திரும்பக் காட்டுகின்றன. ‘பிள்ளைங்க முகத்தைப் பார்த்துப் பொறுத்துக்கோ’ என்று பெண்களிடம் சொல்கிறவர்கள் அந்தப் பிள்ளைகளின் முகத்தை ஒருமுறை சரியாகப் பார்க்க வேண்டும்.

2005 சட்டம் பிள்ளைகளை மறக்கவில்லை. தாயின் மனுவிலேயே பிள்ளைகளுக்கான செலவு, அவர்களை யார் வைத்துக்கொள்வது என்பதெல்லாம் அடங்கும். தத்துப்பிள்ளையும் முதல் தாரத்துப் பிள்ளையும் இதில் சேர்த்தி. குழந்தையின் பள்ளிக்கூடத்துக்குள் நுழையக் கூடாது என்றுகூடப் பாதுகாப்பு உத்தரவில் தடை விதிக்கலாம். பள்ளி வாசலில் காத்திருந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய், ‘வழக்கை வாபஸ் வாங்கினாத்தான் பிள்ளை’ என்று மிரட்டுவது எவ்வளவு சாதாரணமாக நடக்கிறது என்று தெரிந்தவர்களுக்கு இந்த ஒரு வரியின் அருமை புரியும். தகப்பன் வந்து பார்ப்பது குழந்தைக்குத் தீங்காகும் என்று தோன்றினால் மாஜிஸ்திரேட் அதையும் மறுக்கலாம்.

அடி நேரடியாகக் குழந்தை மேலேயே விழுந்தால் வேறு சட்டங்கள் இருக்கின்றன. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின் 75ஆம் பிரிவு, குழந்தையைத் தன் பொறுப்பில் வைத்திருப்பவர் அதை அடித்து வதைத்தால் மூன்றாண்டு வரை சிறை என்கிறது. பாலியல் குற்றம் என்றால் 2012ஆம் ஆண்டின் போக்சோ. குற்றவாளி சொந்தக்காரன், ஒரே வீட்டில் இருப்பவன் என்றால் தண்டனை இன்னும் கடுமை. தெரிந்தும் சொல்லாமல் மறைப்பதே அந்தச் சட்டத்தில் குற்றம். குழந்தையிடம் வாக்குமூலம் வாங்கப் போகும் போலீஸ் அதிகாரி சீருடையில் இருக்கக் கூடாது, குழந்தையைக் காவல் நிலையத்தில் ராத்திரி வைத்திருக்கவும் கூடாது.

காகிதத்தில் இவ்வளவும் இருந்தும் தமிழ்நாட்டின் 38 சதவீதம் ஏன் பெரிதாக இறங்கவில்லை? முந்தைய கணக்கெடுப்பில் அது சுமார் 41 ஆக இருந்தது. ஐந்தாண்டில் இறங்கியது அவ்வளவுதான். குடிதான் காரணம் என்று எளிதாகச் சொல்லிவிடலாம், அதில் உண்மையும் உண்டு. இந்திய அளவில், அடிக்கடி குடித்துவிட்டு வரும் கணவனுள்ள பெண்களில் 70 சதவீதம் பேர் வன்முறைக்கு ஆளானவர்கள் என்கிறது அதே கணக்கெடுப்பு. ஆனால் குடிக்கவே குடிக்காத கணவனுள்ள பெண்களிலும் ஐந்தில் ஒருவருக்கு மேல் அடிபட்டிருக்கிறார்கள். டாஸ்மாக்கை மட்டும் குறைசொல்லிவிட்டு நகர முடியாது.

முக்கியமான காரணம், உதவி கேட்டுப் போகும் பெண் ஒவ்வொரு வாசலிலும் திருப்பி அனுப்பப்படுகிறாள் என்பது. முதல் வாசல் தாய்வீடு: ‘ஆம்பளைன்னா அப்படித்தான், அனுசரிச்சுப் போ.’ இரண்டாவது காவல் நிலையம். அனைத்து மகளிர் காவல் நிலையங்கள் தமிழ்நாட்டில் 1992இல் தொடங்கின. முதலாவது சென்னை ஆயிரம் விளக்கில். இன்று இருநூறுக்கும் மேல் இருக்கின்றன. ஆண் போலீஸிடம் சொல்லக் கூசும் பெண்கள் படியேறி வர அவை வழி செய்தன என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அங்கே பெரும்பாலும் நடப்பது என்ன? இரண்டு தரப்பையும் வரவழைக்கிறார்கள். சத்தம் போட்டு அதட்டுகிறார்கள். ‘இனிமேல் அடிக்க மாட்டேன்’ என்று எழுதி வாங்கிக்கொண்டு சேர்த்து அனுப்பிவைக்கிறார்கள். சமாதானமாகப் போய்விட்டது என்று கோப்பு மூடப்படுகிறது. எழுதிக் கொடுத்த கையே அன்றைக்கு ராத்திரி ‘போலீஸுக்கா போற’ என்று மீண்டும் ஓங்குகிறது.

இப்படிச் சமாதானம் செய்வது நல்லெண்ணத்தில்தான் என்று சொல்லப்படுவதுண்டு. சட்டத்தின் விதிகள் கவுன்சலிங்கைத் தடுக்கவில்லை. ஆனால் மாஜிஸ்திரேட் உத்தரவிடும் கவுன்சலிங்குக்கு அவை போடும் நிபந்தனையைப் பாருங்கள்: வன்முறை மறுபடி நடக்காது என்ற உறுதியின் மேல்தான் அது நடக்க வேண்டும், தான் அடித்ததற்கு அவன் நியாயம் கற்பிக்க அங்கே இடமே கிடையாது. ‘அவ வாய் ஓவரு, அதான் ஒரு அடி வச்சேன்’ என்று அவன் சொல்ல, எல்லோரும் தலையாட்டிக் கேட்டுவிட்டு, ‘நீயும் கொஞ்சம் வாயைக் குறைச்சுக்கோம்மா’ என்று தீர்ப்புச் சொல்வதற்குப் பெயர் கவுன்சலிங் அல்ல, கட்டப் பஞ்சாயத்து.

மூன்றாவது வாசல் பாதுகாப்பு அலுவலர். சட்டத்தின் அச்சாணியே இவர்தான். மாவட்ட சமூகநல அலுவலகத்தில் இருப்பார். நிகழ்வு அறிக்கையை எழுதுவது, மனு தயாரிக்க உதவுவது, மருத்துவமனைக்கும் தங்குமிடத்துக்கும் அனுப்பிவைப்பது, எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் சேர்ப்பது, நீதிமன்ற உத்தரவு நிறைவேறுகிறதா என்று பார்ப்பது எல்லாமே இவருடைய கடமை. அடி விழுந்துகொண்டிருக்கிறது என்று போனில் நம்பகமான தகவல் வந்தால் போலீஸோடு அந்த இடத்துக்குப் போக வேண்டியவரும் இவரே. ஒரு முழு மாவட்டத்துக்கு இத்தனை வேலையையும் ஓரிருவர் தலையில் கட்டினால் என்ன ஆகும்? பல மாநிலங்களில் ஏற்கனவே வேறு வேலையில் இருக்கும் அதிகாரிக்குக் கூடுதல் பொறுப்பாக இதைக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டார்கள். 2025 மே 20ஆம் தேதி, நீதிபதி பி.வி.நாகரத்னா தலைமையிலான உச்ச நீதிமன்ற அமர்வு, பாதுகாப்பு அலுவலர்களை இதுவரை நியமிக்காத மாநிலங்கள் மாவட்ட, தாலுகா அளவில் ஆறு வாரத்துக்குள் நியமிக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. சட்டம் வந்து இருபதாவது ஆண்டில், அதன் அடிப்படைப் பதவியை நிரப்பச் சொல்லி நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றம் கெடு விதிக்க வேண்டியிருந்தது.

நான்காவது வாசல் நீதிமன்றம். மனு வந்த மூன்று நாளுக்குள் முதல் விசாரணை, அதிலிருந்து 60 நாளுக்குள் முடிக்க முயற்சி என்பது சட்டத்தின் கணக்கு. வாய்தாவுக்கு மேல் வாய்தா வாங்கி ஆண்டுக்கணக்கில் இழுப்பது நடைமுறையின் கணக்கு. கூலி வேலைக்குப் போகும் பெண்ணுக்கு ஒவ்வொரு வாய்தாவும் ஒரு நாள் சம்பளம்.

இவ்வளவுக்கும் நடுவே நிஜமாகக் கைகொடுக்கும் இடங்களும் இருக்கின்றன. 2015இல் தொடங்கிய ‘சகி’ ஒருங்கிணைந்த சேவை மையத் திட்டத்தில், மருத்துவம், போலீஸ் உதவி, சட்ட ஆலோசனை, கவுன்சலிங் எல்லாம் ஒரே கூரையின் கீழ் கிடைக்கும். பிள்ளைகளோடு ஐந்து நாள் வரை தங்கிக்கொள்ளலாம், அதற்குப் பிறகு நீண்டநாள் தங்கும் இல்லங்களுக்கு அனுப்புவார்கள். சென்னையில் 2001 முதல் இயங்கும் பி.சி.வி.சி. என்ற தொண்டு நிறுவனம் அடிபட்ட பெண்களுக்கான தங்குமிடம் நடத்துவதோடு, கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனையின் தீக்காயப் பிரிவில் சேர்க்கப்படும் பெண்களோடும் வேலை செய்கிறது. ‘ஸ்டவ் வெடிச்சிருச்சு’ என்று சொல்லப்படும் தீக்காயங்களுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதை, சாகும் நேரத்திலும் கணவனைக் காப்பாற்றிப் பேசும் பெண்களின் படுக்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டவர்களுக்குத்தான் தெரியும். பிழைத்து எழுந்தவர்களுக்குத் தழும்போடு வெளியே நடமாடவும் ஒரு வேலை தேடவும் துணை நிற்பது சட்டப் புத்தகத்தில் இல்லாத உதவி.

அடிபடும் பெண் இந்தச் சட்டத்தைப் பயன்படுத்த வக்கீல் ஃபீஸ் கட்ட வேண்டியதில்லை. 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையச் சட்டப்படி எந்தப் பெண்ணுக்கும் எந்தக் குழந்தைக்கும், வருமானம் எவ்வளவு இருந்தாலும், இலவச வக்கீல் கிடைப்பார். தாலுகா நீதிமன்ற வளாகத்திலேயே சட்டப்பணிகள் குழு இருக்கும். கல்யாணம் செய்துகொண்டு போன ஊரிலேயே மனு போட வேண்டும் என்பதும் இல்லை. அடைக்கலம் தேடி வந்த தாய்வீட்டு ஊரில், தற்காலிகமாகத் தங்கியிருக்கும் இடத்தில்கூடப் போடலாம். நிகழ்வு நடந்து ஓராண்டு தாண்டிவிட்டது, இனி மனு செல்லாது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்; அந்தக் காலவரம்பு இந்த மனுவுக்குப் பொருந்தாது என்று 2022இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மருத்துவமனையில் ஏ.ஆர். எழுதும்போது உண்மைக் காரணத்தைச் சொல்லி அதன் நகலைக் கேட்டு வாங்கிக்கொள்வதும், காவல் நிலையத்தில் புகார் கொடுத்தால் சி.எஸ்.ஆர். ரசீது இல்லாமல் திரும்பாமல் இருப்பதும் பின்னால் பெரிய பலம். ஆதார், வங்கிப் புத்தகம், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், நகைகளின் பட்டியல் அல்லது போட்டோ இவற்றை நம்பிக்கையான ஒருவர் வீட்டில் முன்கூட்டியே வைத்துவிடுவது நல்லது.

சுவருக்கு இந்தப் பக்கம் இருந்து சத்தம் கேட்பவர்களுக்கும் இந்தச் சட்டத்தில் ஒரு பிரிவு இருக்கிறது. நான்காவது பிரிவு. ஒரு வீட்டில் வன்முறை நடக்கிறது, நடக்கப் போகிறது என்று நம்பக் காரணமுள்ள எவரும் பாதுகாப்பு அலுவலரிடம் சொல்லலாம். பக்கத்து வீட்டுக்காரர், ஹவுஸ் ஓனர், அங்கன்வாடி டீச்சர், கூட வேலை செய்பவர் யாராக இருந்தாலும் சரி. நல்லெண்ணத்தோடு சொன்னவர் மீது சிவில் வழக்கோ கிரிமினல் வழக்கோ போட முடியாது. ‘புருஷன் பொண்டாட்டி விஷயம், நமக்கேன்’ என்று ஜன்னலைச் சாத்தாதீர்கள். பெண்கள் உதவிக்கு 181, குழந்தைகளுக்கு 1098, உயிருக்கு ஆபத்தான நேரத்தில் போலீஸுக்கு 112, இலவச சட்ட உதவிக்கு 15100. இவற்றை உங்கள் போனில் பதிந்துவைத்துக்கொள்ளுங்கள், அடுத்த முறை சத்தம் கேட்கும்போது கூப்பிடுங்கள்.